அண்ணனின் ரத்தமும் ஒரு கை உப்பும்

நான் மீன்காரன். அண்ணனும் மீன்காரன்தான். முதலில் புறக்கோட்டையில் நின்றோம். மார்க்கெட் பேலியகொடைக்குப் போனபோது நாங்களும் போனோம். எல்லாமாக முப்பத்தொரு வருஷம், ஒரே மேசை. அண்ணன் வெட்டுவார், வாயடிப்பார், விற்பார். நான் ஐஸ் போடுவேன், பெட்டி கட்டுவேன். கதைக்கிற வேலை எனக்கு வரவில்லை. படிப்பும் ஆறாம் வகுப்போடு சரி. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போன வருஷம் அண்ணனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று சொன்னார்கள். வலது பக்கம். பதினாறு வயதில் தொடங்கிய சிகரெட். யாரும் ஆச்சரியப்படவில்லை. அண்ணனும்தான்.

"இவ்வளவு நாளும் வராம எங்க சுத்திக்கொண்டு இருந்தது?" என்று டொக்டரிடமே கேட்டார்.

பொரளைப் பக்கம் வார்டில் வைத்திருந்தார்கள். டொக்டர் தமிழ் ஆள். பொறுமையானவர். ஒரு தாளில் நெஞ்சைக் கீறி, அதற்குள் ஒரு புள்ளி போட்டுக் காட்டினார். இந்தக் கட்டி ஒரு சாமானை ரத்தத்துக்குள் விடும் என்றார். கட்டி ஒரு இடத்தில் நின்றால் அது கொஞ்சமாக இருக்கும். உடம்பெல்லாம் பரவினால் கூடும். ரத்தத்தை எடுத்து அதை அளந்தால் ஒரு இலக்கம் வரும்.

"இலக்கத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்ல மாட்டன். ஆனா இன்னும் தேடவேணுமா எண்டு அது காட்டும்" என்றார்.

அந்தச் சோதனைக்கு மூன்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர். அண்ணி அதைக் கலண்டரில் எழுதி வைத்தார். நாங்கள் இலக்கம் என்றே சொன்னோம்.

முதல் தடவை இலக்கம் நாற்பத்தொன்று. படமும் எடுத்தார்கள். நெஞ்சுக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஊசியில் மருந்து ஏற்றி, பிறகு கரண்ட் பிடிக்கலாம் என்றார் டொக்டர். கரண்ட் என்பது கதிர் விடுகிற வைத்தியம். வார்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"கரண்ட் பிடிச்சா இதை மாத்திச் சுகமாக்கப் பார்க்கலாம். ஆனா பரவினா அது சரிவராது. மருந்தோட இருக்கிற வரைக்கும் இருக்கவேண்டியதுதான்."

அண்ணன் தலையாட்டினார். மீன் விலை சரிவந்தால் ஆட்டுவது போல.

இரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது. அடுத்த திங்கட்கிழமை கரண்ட் தொடங்க இருந்தது. அதற்கு முன் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். இந்தச் சோதனையை வெள்ளவத்தையில் ஒரு லாப்பில்தான் செய்வார்கள். முதல் தடவை வார்டு ஆள் ஒருவர் கொண்டு போய்க் கொடுத்தார். இந்தத் தடவை வார்டு ஆட்கள் வேலைநிறுத்தம். வாசலில் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள். நர்ஸ் குழாயை என் கையில் தந்தார்.

"மல்லி, வெள்ளவத்தைக்கு. இக்மனட்ட. ஹொல்லன்ன எபா."

தம்பி, சீக்கிரம் கொண்டு போ, ஆட்டாதே. சிங்களத்தில் அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்தார். நர்ஸ் அங்கே ஓடினார்.

குழாய் விரல் நீளம். மஞ்சள் மூடி. கையில் சூடாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெளியே வந்தேன். பத்து மணி வெயில். முப்பத்தொரு வருஷத்தில் உடம்பில் இருந்து வெளியே வந்த எதையும் நான் ஐஸ் இல்லாமல் கொண்டு போனதில்லை. இறாலுக்குப் போட்டேன். நண்டுக்குப் போட்டேன். அண்ணனின் ரத்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. ஆட்டவும் கூடாது என்கிறார். ஐஸில் இறுக்கினால் ஆடாது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது.

பொரளையிலும் ஐஸ் வாங்கலாம். ஆனால் கடை ஐஸ் என்ன தண்ணீர் என்று யாருக்குத் தெரியும். பேலியகொடைக்குப் போனேன். வெள்ளவத்தை தெற்கே. பேலியகொடை வடக்கே. அது எனக்கும் தெரியும்.

மார்க்கெட்டில் சின்ன வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டி ஒன்று எடுத்தேன். தோரா மீன் வந்த பெட்டி. மூன்று தரம் கழுவினேன். அடியில் நொறுக்கிய ஐஸ். குழாயைப் பொலித்தீனில் சுற்றி நடுவில் நிமிர்த்தி வைத்தேன். மேலே ஐஸ். தூரம் போகிற பெட்டிக்கு ஒரு கை உப்புப் போடுவது என் வழக்கம். உப்புப் போட்டால் குளிர் கூடும், நிற்கும். போட்டேன். மூடி டேப் ஒட்டினேன். நான் கட்டிய பெட்டிகளில் அது ஒரு நல்ல பெட்டி.

காலி வீதி பஸ்ஸில் ஏறி இருந்தேன். பெட்டி மடியில். கண்டக்டர் வந்து மூக்கைச் சுளித்தான்.

"மாளுத?" மீனா என்று கேட்டான்.

"நே. லே." இல்லை, ரத்தம் என்றேன்.

அவன் பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையில் மீன் வெட்டிய தழும்புகள் நிறைய.

"காகெத?" யாருடையது?

"அய்யகெ." அண்ணனுடையது.

பக்கத்தில் இருந்த பெண் எழும்பி முன்னுக்குப் போனார். பின்சீட்டு ஆட்களும் போனார்கள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து போனான். வெள்ளவத்தை வரை நான் கால் நீட்டி இருந்தேன். பெட்டி ஆடவே இல்லை.

லாப்பில் ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை இருந்தது. பெட்டியை மேசையில் வைத்தேன்.

"அண்ணை, இதென்ன? மீனோ?"

"ரத்தம், பிள்ளை."

டேப்பை உரித்துப் பார்த்தது. ஐஸுக்குள் கையை விட்டுக் குழாயை எடுத்தது. கவிழ்த்துப் பார்த்தது. ரத்தம் அசையவில்லை. கல் மாதிரி நின்றது. எனக்குத் திருப்தி.

"எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பத்துக்கு."

பிள்ளை மணிக்கூட்டைப் பார்த்தது. ஒன்றே கால். உள்ளே போய் யாரோடோ கதைத்துவிட்டு வந்தது.

"அண்ணை, இது ஐஸாகி உறைஞ்சுபோய் வந்திருக்கு. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தா நல்லம். இல்லாட்டி இதையே செய்யிறம். ஆனா ஐஸில வந்தது எண்டு றிப்போட்டில எழுதித்தான் தருவம்."

திரும்ப எடுப்பதா? அண்ணனின் கையில் நரம்பு கிடைப்பதே கஷ்டம். மூன்று இடத்தில் குத்தித்தான் அன்றைக்கு எடுத்தார்கள். மற்றது, ஐஸில் வந்தது என்று எழுதினால் நல்லதுதானே. நல்ல மீன் பெட்டியிலும் அப்படி எழுதித்தான் விமானத்தில் ஏற்றுகிறார்கள்.

"எழுதுங்க பிள்ளை. வடிவா எழுதுங்க" என்றேன்.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. நான்தான் எடுத்து வந்தேன். கொட்டாஞ்சேனையில் வீட்டுக்குக் கீழே ஒரு போட்டோகொப்பிக் கடை. அண்ணி மூன்று கொப்பி கேட்டார். ஒன்று டொக்டருக்கு, ஒன்று பூசை வைக்கிற சுவாமிக்கு, ஒன்று இத்தாலியில் இருக்கிற மகளுக்குப் படம் எடுத்து அனுப்ப. ஒரிஜினலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் எல்லாம் அப்படித்தான். கொப்பிதான் வெளியே போகும்.

ரிப்போர்ட் தாள் கொஞ்சம் நீளம். கொப்பியில் கீழே ஒரு விரல்கடை வெட்டுப்பட்டது.

"கீழ என்ன, அவங்கட விலாசம்தானே" என்றார் கடைக்காரர்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கிலீஷ் எனக்கு எப்படியும் விலாசம் மாதிரித்தான் இருக்கும்.

ஒரிஜினலை அண்ணி அந்தோனியார் சுரூபத்துக்கு அடியில் வைத்தார். செவ்வாய்க்கிழமை நவநாள் முடியும்வரை அங்கேதான் இருக்கும் என்றார். கொப்பியை நான் டொக்டரிடம் கொடுத்தேன்.

டொக்டர் பார்த்தார். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

"நான் இதை எதிர்பார்க்கவில்லை" என்றார். "மருந்து ஏத்தினா குறையவேணும். இவ்வளவு கூடினா எங்கயோ பரவியிருக்கலாம். திங்கள் கரண்ட் வேண்டாம். தலை, ஈரல், எலும்பு எல்லாம் படம் எடுத்துப் பார்ப்பம். அதுவரை வீட்டில இருங்க."

பரவியிருக்கலாம் என்றுதான் சொன்னார். எங்கள் காதில் விழுந்தது வேறு. மாடிப்படி இறங்கும்போதே அண்ணி மகளுக்குப் போன் எடுத்து, பரவிட்டுதாம் என்று அழுதார்.

நோய் பரவியதோ தெரியாது. அந்தச் செய்தி பரவியது. சனிக்கிழமை விடியும்போது எங்கள் ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஆட்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் பெட்டி. மேசை நிறைந்து, கட்டிலுக்கு அடியிலும் அடுக்கினோம். வந்தவர்கள் அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக் கதைத்தார்கள். நல்ல மனுஷன் என்றார்கள். நல்ல மனுஷனாக இருந்தவர் என்று ஒருவர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

"பரவாயில்ல, சொல்லுங்க. பிறகு சொன்னா எனக்குக் கேக்காது" என்றார் அண்ணன்.

பத்து மணிக்கு மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் வந்தார். பழைய கூட்டாளி. கையில் படிவம்.

"கோவிக்காதீங்க அண்ணே. பேண்ட் வேணுமா, பாட்டு மட்டும் போதுமா எண்டு இப்பவே சொன்னா எங்களுக்கு லேசு."

"பேண்ட் வையுங்க."

"சரி."

"எனக்குக் கேக்கிற மாதிரி வாசிக்கச் சொல்லுங்க."

அவர் அதையும் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

பின்னேரம் தையல்காரர். அண்ணிதான் கூப்பிட்டார். கலியாணக் கோட்டு அண்ணனின் உடம்பில் சாக்கு மாதிரித் தொங்கியது. அதோடு போக விடமாட்டேன் என்று அண்ணி நின்றார். அண்ணன் அறை நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். தையல்காரர் அளந்தார்.

"இடுப்பில ஒரு அங்குலம் விட்டுத் தைக்கவா?"

"என்னத்துக்கு? அதுக்குள்ள படுத்துக் கொழுக்கப் போறனா?"

"பழக்கத்தில கேட்டிட்டன் அண்ணே." பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணியிடம் சொன்னார். "லைனிங் முன்னுக்கு மட்டும் போடுறன். பின்னுக்கு ஆர் பாக்கிறது?"

"எனக்குக் கேக்குது" என்றார் அண்ணன்.

நான் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பது கோப்பை கழுவியிருப்பேன். கழுவ இருக்கிறவரை யாரையும் பார்க்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆட்கள் குறைந்தார்கள். அண்ணி பூசைக்குப் போனார். அண்ணன் சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் பக்கத்தில் முக்காலியில் இருந்து ஒரு பிஸ்கட் பெட்டியை உடைத்தேன்.

"ரத்தத்தை நீதானே கொண்டு போனாய்?" என்றார் அண்ணன்.

"ஓம்."

"அந்த வெயிலில? பழுதாப் போயிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. "பழுதாகவோ? ஐஸ் போட்டுத்தான் கொண்டு போனனான். எங்கட ஐஸ்."

"எங்கட ஐஸோ? பேலியகொடைக்குப் போனியா?"

"போனன்."

"உப்பு?"

"ஒரு கை."

அண்ணன் கடித்த பிஸ்கட்டை வாயில் வைத்தபடி இருந்தார்.

"லாப்பில எடுக்கேக்க எப்பிடி இருந்தது?"

"கல் மாதிரி. அப்பிடியே நிண்டது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அண்ணன் பிஸ்கட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். "டேய். உறைஞ்ச கெலவல்லா மீன் கரைஞ்சா என்ன நடக்கும்?"

"தண்ணி வடியும்."

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"உறையாத மீன் அப்பிடி வடியுமா?"

"இல்ல."

"ஏன்?"

எனக்குப் பதில் தெரியும். மார்க்கெட்டில் எல்லோருக்கும் தெரியும். உறைந்தால் உள்ளே உடைந்துவிடும். கரையும்போது உள்ளே இருந்தது வெளியே வரும். அந்த மீனை நாங்கள் பச்சை மீன் விலைக்கு வாங்க மாட்டோம். சிவப்புத் தண்ணியைக் கண்டதும் அண்ணன் பெட்டியோடு திருப்பி அனுப்புவார்.

"என்ட ரத்தத்தை நீ கெலவல்லாக்கிட்டாயடா" என்றார் அண்ணன்.

பிஸ்கட் பெட்டியைக் கீழே வைத்தேன். பிறகு லாப்பில் அந்தப் பிள்ளை சொன்னது ஞாபகம் வந்தது. ஐஸில் வந்தது என்று எழுதித்தான் தருவோம். சொன்னேன்.

"எங்க எழுதியிருக்கு?"

கொப்பியைப் பார்த்தோம். கீழே ஒன்றும் இல்லை. வெட்டுப்பட்ட இடத்தில் எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் அந்தோனியாரைப் பார்த்தோம்.

அண்ணி வந்ததும் கேட்டோம். செவ்வாய் வரை எடுக்கக் கூடாது என்றார். நேர்த்தி முறியும் என்றார்.

"அவர் காணாமல்போன சாமானைத் தேடித் தாறவர் தானே. தேடித் தந்திட்டார். அவர்ட காலுக்கு அடியிலதான் கிடக்கு" என்றார் அண்ணன்.

அண்ணி சிலுவை போட்டுக்கொண்டு சுரூபத்தைத் தூக்கினார். தாளின் மூலையில் மெழுகு உருகி ஒட்டியிருந்தது. கீழே, எழுத்து இருந்தது. இரண்டு வரி.

திங்கட்கிழமை கரண்டுக்குப் போகவேண்டிய நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தோம். என் மடியில் ஒரிஜினல். உள்ளே கூப்பிட்டதும் நான்தான் கொடுத்தேன். நான்தான் சொல்லவும் வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். என் ஆயுளில் ஒரு மூச்சில் அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். பெட்டி, ஐஸ், பஸ், எல்லாம் சொன்னேன்.

டொக்டர் கீழ் வரிகளை வாசித்தார். இரண்டு தரம் வாசித்தார்.

"சிவப்பணு உடைந்த ரத்தம், இலக்கத்தை நம்ப வேண்டாம் எண்டு எழுதியிருக்கு" என்றார். "இந்தச் சாமான் கட்டியில மட்டும் இல்ல. சிவப்பணுவுக்கு உள்ளயும் இருக்கு. உறைஞ்சா அது வெடிச்சு எல்லாம் வெளிய வரும். இலக்கம் ஏறும்." என்னைப் பார்த்தார். "உப்பும் போட்டனீங்களா?"

"ஒரு கை, டொக்டர்."

"ஏன்?"

"தூரம் தானே."

டொக்டர் நெற்றியைக் கையில் தாங்கிக் குனிந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அண்ணி பயந்தார். நிமிர்ந்தபோது கண்ணீர்தான் வந்திருந்தது, ஆனால் அது வேறு கண்ணீர்.

பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னார். "சந்தோஷப்படாதீங்க. பரவவில்லை எண்டு இதுக்கு அர்த்தம் இல்ல. எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டுதான் அர்த்தம். படம் எடுப்பம். ரத்தமும் திரும்ப எடுப்பம்."

அண்ணன் கையை நீட்டினார். நாலாவது குத்தில் கிடைத்தது. வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. நர்ஸ் குழாயை உடனே என்னிடம் தரவில்லை. முதலில் என் இரண்டு கையையும் பார்த்தார். பையைப் பார்த்தார். ஒரு மணித்தியாலத்துக்குள், நேராக, ஐஸ் இல்லாமல், ஆட்டாமல். நான் திருப்பிச் சொல்லக் கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னேன். அதன் பிறகுதான் தந்தார்.

த்ரீவீல் பிடித்தேன். குழாயை நிமிர்த்தி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். மெதுவாகப் போகச் சொன்னேன். இன்னும் மெதுவாக என்றேன். பொரளைச் சந்தியில் ஒரு சைக்கிள் எங்களை முந்தியது. பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக் கெட்ட வார்த்தை சொன்னான்.

"என்ன அண்ணே, கையில முட்டையா?" என்றான் ஓட்டுகிறவன்.

"அண்ணன்" என்றேன்.

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் பிடித்தான். குழாய் சூடாகவே இருந்தது. எனக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. சகித்துக்கொண்டேன்.

லாப்பில் அதே பிள்ளை. என்னைக் கண்டதும் எட்டிப் பின்னால் பார்த்தது. பெட்டி எங்கே என்று.

"இல்ல பிள்ளை" என்றேன்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒரிஜினலையே டொக்டரிடம் கொண்டு போனோம். அண்ணி தடுக்கவில்லை. இலக்கம் பத்தொன்பது. கீழே விலாசம் மட்டும். அந்த வாரமே படங்களும் வந்தன. தலையில் இல்லை. ஈரலில் இல்லை. எலும்பில் இல்லை. நெஞ்சில் இருந்ததும் சுருங்கியிருந்தது.

"திங்கள் கரண்ட் தொடங்குவம்" என்றார் டொக்டர்.

ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் கோட்டோடு வந்தார். கறுப்பு. நல்ல தையல். அண்ணன் கதிரையில் இருந்து பேப்பர் பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். கோட்டை முன்னுக்குப் பிடிப்பதா பின்னுக்கு மறைப்பதா என்று தெரியவில்லை அவருக்கு.

திங்கள் காலை அண்ணன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். அண்ணி தலையில் கை வைத்தார்.

"சாகிறதுக்கு முதல் சாவுக் கோட்டைப் போடுறதா? ஆரும் செய்வாங்களா?"

"தைச்சாச்சு. சும்மா தொங்கவிடுறதா?"

கரண்ட் வார்டில் எல்லோரும் எழும்பி நின்றார்கள். யாரோ பெரிய டொக்டர் வருகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டு போனார். வாசலில் நின்ற பிள்ளை சட்டை கோட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது. அண்ணன் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். கதவு மூடியது. மேலே சிவப்பு லைட் எரிந்தது.

கோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மீன் கை. கறை படாமல் உட்பக்கத்தைத் திருப்பிப் பிடித்தேன். முன்னுக்குச் சாம்பல் நிறத்தில் பட்டு மாதிரி லைனிங். பின்னுக்கு வெறும் துணி. தையல் நூல் எல்லாம் தெரிந்தது.

பத்து நிமிஷம் இருக்கும். லைட் அணைந்தது. அண்ணன் வந்தார். நான் கோட்டை விரித்துப் பிடித்தேன். கையை நுழைத்துப் போட்டுக்கொண்டார். தோளை ஒருதரம் அசைத்துப் பார்த்தார்.

"உள்ள ஏசி. முதுகு குளிருதுடா" என்றார். "அந்தத் தையல்காரனிட்டச் சொல்லு. பின்னுக்கும் லைனிங் போடட்டும். இடுப்பில ஒரு அங்குலமும் விடச் சொல்லு."

அன்று பின்னேரமே கோட்டைக் கொண்டு போனேன். சொன்னேன்.